வீட்டுக்காரர் கணக்கு

தர்மிகாவின் அலுவலகத்தில் செவன் கிங்ஸ் வீட்டைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. அவர்களில் ஒருவர்கூட அந்த வீட்டைக் கண்டதில்லை. அது கைமாறி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனால் கூட்டங்களில் அவள் சொல்லிச் சொல்லி, அந்த வீட்டின் முன் அறையில் தாங்களும் ஒருநாள் உட்கார்ந்து எழுந்தவர்கள் போலவே அவர்கள் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஓடும் மென்பொருளைச் செய்கிற நிறுவனம் அது. பெட்டியைப் போட்டதும் வருகிற முதல் திரை தர்மிகாவின் பொறுப்பு. "யார் பார்க்கிறீர்கள்?" என்று அது கேட்கும். கீழே வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம் இருக்கும். உங்கள் வட்டத்தை அழுத்தினால் உங்களுக்குப் பிடித்த நிகழ்ச்சிகள் வரும். யாருக்கு எந்தக் கணக்கு, எந்தக் கணக்குக்கு எவ்வளவு அதிகாரம், பிள்ளைகள் எதைப் பார்க்கலாம், எத்தனை மணிக்குமேல் பார்க்கக் கூடாது என்று தீர்மானிக்கிற திரைகளையும் அவள்தான் வரைந்தாள். எல்லாக் கணக்குகளுக்கும் மேலே ஒரு கணக்கு இருந்தது. தமிழில் அதற்கு வீட்டுக்காரர் கணக்கு என்று பெயர் வைத்ததும் அவளே. அதை வைத்திருப்பவர் மற்றவர்கள் என்ன பார்த்தார்கள் என்று தன் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். எங்கேயிருந்தாலும் பெட்டியை அணைத்துவிடலாம்.

அந்தத் திரைகளை வரைந்துகொண்டிருந்த மாதங்களில்தான் செவன் கிங்ஸ் வீடு அவளுக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸ் என்ற இடத்தில், அவளுடைய அப்பா யோகராஜா தட்டுத் தடுமாறி வாங்கிய வீடு. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு அம்மா வசந்தமலர் அறைகளை வாடகைக்குக் கொடுத்தாள். மேலே பெரிய அறையில் ஒரு அண்ணனும் தம்பியும். பக்கத்துச் சின்ன அறையில் மன்னாரிலிருந்து வந்த பெர்னடெற் அன்ரி. மேலேயே பின்னறையில் அப்பா, அம்மா, தர்மிகா, அவளுடைய தம்பி. இவர்களோடு ஞானேஸ்வரன் என்று ஒருவர். எல்லாருக்கும் அவர் ஞானம். பிள்ளைகளுக்கு ஞானம் மாமா.

இவ்வளவு பேருக்கும் ஒரே ஒரு தொலைக்காட்சி. அது முன் அறையில் இருந்தது. பெரிய முதுகு வைத்த பெட்டி. போட்டுக் கொஞ்ச நேரம் சென்ற பிறகுதான் படம் தெளியும். மாலைச் செய்தி அப்பாவுக்கு. ஞாயிறு காலையில் வருகிற தேவாலய ஆராதனை பெர்னடெற் அன்ரிக்கு. மல்யுத்தம் அண்ணன் தம்பிக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கார்ட்டூன் பிள்ளைகளுக்கு. யாரும் எழுதி ஒட்டவில்லை. யாரும் யாரையும் கேட்கவுமில்லை. அவரவர் நேரம் வந்ததும் மற்றவர்கள் தாமாகவே விலகி இடம் கொடுத்தார்கள். அல்லது எழும்பாமலே இருந்து அதையும் பார்த்தார்கள். ஆராதனைப் பாட்டுகளில் பாதி தர்மிகாவுக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

வெள்ளிக்கிழமைதான் பெரிய நாள். ஈஸ்ட் ஹாமிலிருந்து அப்பா தமிழ்ப் படக் கசெற் எடுத்து வருவார். அம்மா றோல்ஸ் பொரிப்பாள். வீடு முழுவதும் முன் அறைக்குள் வந்துவிடும். செற்றியில் பெரியவர்கள், கீழே பிள்ளைகள். செற்றிக்குப் பக்கத்தில் ஊதாப் பூப் போட்ட விரிப்பால் சுற்றிக் கட்டிய ஒரு மெத்தைச் சுருள் எப்போதும் சுவரோடு சாய்ந்து நிற்கும். தர்மிகா அதை இழுத்துப் போட்டுக் குதிரை மாதிரி ஏறி இருப்பாள். றிமோட் அவள் கையில்தான். பாட்டு வந்தால் ஓட்டிவிடச் சொல்லி அண்ணன்மார் கத்துவார்கள். ஓட்ட வேண்டாம் என்று பெர்னடெற் அன்ரி கெஞ்சுவாள். தர்மிகா தான் நினைத்தபடி செய்வாள். செற்றியின் மூலையில் இருந்து ஞானம் மாமா எல்லாவற்றுக்கும் சிரிப்பார். படம் முடிந்து ஒவ்வொருவராக எழும்பிப் போகும்போது கடைசியாக இருப்பவரும் அவர்தான். படத்தில் அவருக்கு அவ்வளவு பைத்தியம் என்று தர்மிகா நினைத்திருந்தாள்.

ஒரு பெட்டி, ஒரு றிமோட், இவ்வளவு பேர், ஒரு சண்டை இல்லை. கூட்டங்களில் அவள் சொன்னது இதைத்தான். அவளுடைய மேலாளர் ஓவன் வேல்ஸ்காரன், கதை கேட்கப் பிடித்த மனிதன். ஒரு விளக்கப் படத்தொகுப்பின் முதல் பக்கத்தில் "செவன் கிங்ஸ் வீட்டைப் போல" என்று அவன் கொட்டை எழுத்தில் போட்டு வைத்தான். அதைப் பார்த்தபோது தர்மிகாவுக்குக் கண் கலங்கியது. அப்பா அந்த வருடத்துக்கு முந்தைய மாரியில்தான் தவறியிருந்தார்.

வசந்தத்தின் தொடக்கத்தில், லண்டனில் சில வீடுகளுக்குப் பெட்டிகளைக் கொடுத்துப் பரீட்சித்துப் பார்த்தார்கள். குடும்பங்கள், தனியாக இருக்கிற முதியவர்கள், பலர் அறை எடுத்துச் சேர்ந்திருக்கிற வீடுகள் என்று கலந்து தெரிவு செய்திருந்தார்கள். வீடுகளுக்கு இலக்கம்தான் இருந்தது, பெயர் இல்லை. எல்லாம் நன்றாகவே போயிற்று. கோலியர்ஸ் வுட்டில் இருந்த ஒரு வீடு மட்டும் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

அங்கே வாடகைக்கு இருந்த நான்கு பேரும் முதல் நாளே தங்கள் தங்கள் வட்டத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து ஒருவரும் தம் வட்டத்தைத் தொடவில்லை. பார்த்ததெல்லாம் விருந்தாளிக் கணக்கில். விருந்தாளி பார்த்தவற்றை மட்டும் பெட்டி நினைவில் வைப்பதில்லை. அது போக, ஒவ்வொரு நாளும் இரவு ஒன்பதரைக்கு வீட்டுக்காரர் கணக்கிலிருந்து யாரோ பெட்டியை அணைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற வீடு மாதிரி இருக்கிறதே என்றான் ஓவன். ஆனால் அங்கே பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றும் இல்லை. எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டு மொழி தமிழ் என்று இருந்ததால் தானே நேரில் போய்ப் பார்த்து வருவதாகத் தர்மிகா சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு போனாள். நிலக்கீழ் நிலையத்திலிருந்து வெளியே வந்து, ஒரு உயரமான கட்டடத்தைத் தாண்டி, ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் வீடுகள் இருந்த தெருவுக்குள் திரும்பினாள். கதவைத் திறந்த பெண் றொசாந்தி. மன்னார்ப் பிள்ளை. வந்து இரண்டு வருடமாகவில்லை; முதியோர் இல்லமொன்றில் வேலை. நடையிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தர்மிகா உள்ளே நடந்தாள். முன் அறையின் கதவு சாத்தியிருந்தது. அதையும் ஒருவர் படுக்கை அறையாக எடுத்திருக்கிறார் என்றாள் றொசாந்தி. தொலைக்காட்சி பின்னால், சமையலறையோடு சேர்ந்த அறையில், முன் அறைச் சுவரோடு மாட்டியிருந்தது.

றொசாந்தி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் நல்ல சந்தோசமாகத்தான் வட்டங்களைப் போட்டிருக்கிறார்கள். அவள் தன் வட்டத்துக்கு ஒரு மஞ்சள் பூ வைத்தாள். பிறகு யாரோ, வீட்டுக்கார அண்ணையின் போனில் எல்லாம் விழும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"மறைக்கிறதுக்கு ஒண்டும் இல்லை அக்கா. நான் பாக்கிறது நாடகமும் ஊர்க் கோயில் பூசையும்தான். அவர் பாக்கிறாரோ இல்லையோ தெரியாது. ஆனா அவர் நினைச்சாப் பாக்கேலும் எல்லோ."

ஒன்பதரை விவகாரம் அதைவிட மோசம். ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, சோற்றுக் கோப்பையோடு வந்து இருக்கவே ஒன்பது ஆகிவிடுமாம். ஒரு காட்சி சூடுபிடிக்கிற நேரத்தில் பெட்டி கறுத்துப் போகும். ஒரு சொல் வராது, ஒரு அடையாளம் வராது. இவர்கள் கோப்பையும் கையுமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கரண்ட் செலவுக்குத்தான் நிற்பாட்டுகிறார் என்பது இவர்களுடைய முடிவு. கேட்கப் பயம். நல்ல மனிதர்தான், ஆனால் வீட்டுக்காரர். லண்டனில் இன்னொரு ரூம் தேடி அலைய யாருக்குத் தெம்பு இருக்கிறது என்றாள்.

தர்மிகாவுக்கு முகம் சுட்டது. ஒரு சொல்லும் வராமல் கறுத்துப் போகிற அந்தத் திரையை வரைந்தவள் அவள். காரணம் காட்டினால் பிள்ளைகள் வாய் காட்டத் தொடங்குவார்கள், சும்மா அணைந்தால் எழும்பிப் போவார்கள் என்று கூட்டத்தில் வாதாடி வென்றவளும் அவளே. பிள்ளைகளை நினைத்து வரைந்த திரைக்கு முன்னால் வேலை முடிந்து வந்த பெரியவர்கள் இருப்பார்கள் என்று அவள் யோசித்திருக்கவில்லை.

வீட்டுக்காரரையும் அன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அழைப்பு மணி அடித்துவிட்டு அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்ட குரலை, முகத்தைப் பார்க்க முன்னமே, தர்மிகாவுக்குத் தெரிந்துவிட்டது. எழும்பி நடைக்குப் போனாள். தலை முழுக்க நரைத்திருந்தது. தோள் ஒடுங்கியிருந்தது. ஆனால் கழுத்தைக் கொஞ்சம் சரித்துச் சிரிக்கிற சிரிப்பு அதேதான்.

"ஞானம் மாமா" என்றாள்.

அவர் விளங்காமல் பார்த்தார். தான் செவன் கிங்ஸ் யோகராஜாவின் மகள் என்று அவள் சொன்னதும் கையிலிருந்த குடையைச் சுவரில் சாத்தப் போய், அது விழ, அதை எடுக்காமலே வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் ரூற்றிங் பக்கம் ரூம் எடுத்துப் போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆற்றுக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும்தான், ஆனாலும் லண்டனில் அது வேறொரு ஊர் மாதிரி. கலியாண வீடுகளில் அப்பாவும் அவரும் சந்தித்திருக்கிறார்கள், அவள் கண்டதில்லை. அப்பாவின் செத்த வீட்டுக்கு வர முடியாமல் தான் அப்போது ஊரில் நின்றதை அவர் இரண்டு தரம் சொன்னார்.

பிறகு கொஞ்ச நேரம் தர்மிகா வந்த வேலையையே மறந்துவிட்டாள். கசெற் சிக்கி அப்பா பென்சிலால் நாடா சுற்றியது, வெயில் காலத்தில் முன் ஜன்னலைத் திறந்து வைத்துப் படம் போட்டபோது பக்கத்து வீட்டுக் கிழவர் வேலியில் சாய்ந்து நின்று முழுப் படமும் பார்த்தது, பெர்னடெற் அன்ரி அழுகிற காட்சிக்கு முன்னமே லேஞ்சியோடு தயாராக இருப்பது என்று ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் எடுத்துச் சொன்னார்கள். பெர்னடெற் இப்போது கனடாவில், மூன்று பேரப்பிள்ளைகள் என்றார் அவர். றொசாந்தி தேத்தண்ணியைக் குடிக்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் அலுவலகத்தில் அந்த வீட்டைத் தெரியாதவர்கள் இல்லை, ஒரு நாளும் சண்டை இல்லாத வீடு என்று எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன் என்றாள் தர்மிகா. ஞானேஸ்வரன் சிரித்தார்.

கடைசியில் கேட்கத்தான் வேண்டியிருந்தது. "ஏன் மாமா ஒன்பதரைக்கு ரீவியை நிப்பாட்டுறியள்?"

அவர் சாத்தியிருந்த முன் அறையின் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அங்கை கிருசாந்தன் படுக்கிறவன். விடியக் காத்தாலை எழும்பிப் பேக்கரிக்குப் போறவன். இது கடதாசிச் சுவர் பிள்ளை. இஞ்ச கதைக்கிறது முழுக்க அங்க கேக்கும்."

"அவர் உங்களிட்டச் சொன்னவரோ?"

"சொல்லமாட்டான். நான் மட்டும் சொன்னனானே?"

அவளுக்கு விளங்கவில்லை. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் மெல்லக் கேட்டார்: "உங்கட வீட்டில நான் எங்க படுத்தனான் எண்டு நினைக்கிறாய்?"

தர்மிகா அறை அறையாக எண்ணிப் பார்த்தாள். மேலே பெரிய அறையில் அண்ணனும் தம்பியும். சின்ன அறையில் பெர்னடெற் அன்ரி. இரண்டாவது கட்டில் போட இடமில்லை. பின்னறையில் தாங்கள். அந்த வீட்டை அவள் எத்தனையோ தரம் மனதால் சுற்றி வந்திருக்கிறாள், எத்தனையோ பேருக்குச் சுற்றிக் காட்டியும் இருக்கிறாள். ஒரு தரம்கூட அவருக்கு ஒரு கட்டிலைத் தேடியதில்லை. ஊதாப் பூ விரிப்பால் சுற்றிக் கட்டிய மெத்தை நினைவுக்கு வந்தது. அதில் அவள் ஏறிக் குதித்திருக்கிறாள். அதன்மேல் றோல்ஸ் துகள் கொட்டியிருக்கிறாள்.

"விடியப் பெற்றோல் ஷெட்டைத் திறக்கிறது நான்தானே. படம் முடிஞ்சு நீங்கள் எல்லாரும் மேல போனாத்தான் எனக்குப் படுக்கையை விரிக்கலாம்" என்றார் அவர். குறை சொல்கிற குரல் இல்லை. பழைய பாதை ஒன்றைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

செற்றி மூலையில் இருந்து அவர் சிரித்த சிரிப்பெல்லாம் தர்மிகாவுக்கு இப்போது வேறு மாதிரிக் கேட்டது. முடிந்த படத்தைத் திரும்ப ஓட்டி ஒரு பாட்டை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்று அவள் அடம்பிடித்த நாட்கள் உண்டு. அப்போதும் அவர் போடட்டும், பிள்ளைதானே என்பார். பிள்ளையில் அவருக்கு அவ்வளவு பிரியம் என்று எல்லாரும் சொன்னார்கள். பிரியம் இல்லாமலும் இல்லை. ஆனால் அந்த நேரம் கண் எரிந்திருக்கும்.

"நாங்கள் உங்களுக்கு நல்ல கரைச்சல் தந்திருக்கிறம்" என்றாள்.

"கரைச்சல்தான். ஏன் பொய் சொல்லுவான். ஆனா அதை மட்டும் கேட்டுக்கொண்டு போகாத" என்றார் ஞானேஸ்வரன். ரூற்றிங்கில் தனக்கென்று ஒரு ரூம் கிடைத்த முதல் நாளைப் பற்றிச் சொன்னார். நேரத்தோடு சாப்பிட்டு, கட்டிலில் ஏறி, விளக்கை அணைத்துவிட்டுக் கிடந்தாராம். நித்திரை வரவில்லை. வீடு அவ்வளவு அமைதி. மறுநாளும் வரவில்லை. அந்தக் கிழமையே ஒரு பழைய சின்னத் தொலைக்காட்சியைத் தேடி வாங்கி, சத்தத்தைக் குறைத்துப் போட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினாராம். செவன் கிங்ஸில் இருந்ததோ, தன் அம்மா ஊரில், தம்பியைப் பற்றித் தகவல் இல்லை, இந்த நாட்டில் தன்னை ஒருவருக்கும் தெரியாது என்று இருந்த காலம். "உங்கட வீட்டில மட்டும் ஒவ்வொரு நாளும் ஆரோ பக்கத்தில இருந்து சிரிச்சவை. அது எனக்குக் காணும்."

அப்போது முன் அறைக் கதவு திறந்தது. கிருசாந்தன் நின்றான். உயரமான இளைஞன், தோளில் துவாய். அன்றைக்கு அவனுக்கு ஓய்வு நாள். சுவர் கடதாசிச் சுவர் என்பது இந்தப் பக்கத்துக்கு மட்டும் இல்லையே. எல்லாம் அவனுக்குக் கேட்டிருந்தது.

"எனக்காகவோ அண்ணை நிப்பாட்டினனீங்கள்?" என்று கேட்டான்.

ஞானேஸ்வரன் ஓம் என்றார். கிருசாந்தன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். தான் காதில் பஞ்சு வைத்துத்தான் படுக்கிறவன், தனக்கு ஒன்றும் கேட்பதில்லை என்றான். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று இருந்ததைச் சொன்னான். இந்த வீட்டுக்கு அவன்தான் கடைசியாக, பெட்டி வரக் கொஞ்ச நாள் முன்னம்தான், வந்தவன். வந்த புதிதில் ஒரு ஓய்வு நாளில், மற்றவர்களோடு பழகலாம் என்று பின்னறையில் வந்து இருந்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் பெட்டி கறுத்துப் போயிற்று. மற்றவர்கள் ஒரு கதையும் கதைக்காமல் எழும்பித் தங்கள் அறைக்குப் போய்விட்டார்கள்.

"நான் வந்து இருந்தது இவையளுக்குப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகு நான் வரேல்லை" என்றான்.

றொசாந்தி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். அது அப்படி இல்லை, நாங்கள் அண்ணை மேலே கோபத்தில் எழும்பிப் போனோம் என்று அவள் சொல்ல, தன் மேல் என்ன கோபம் என்று ஞானேஸ்வரன் கேட்க, கரண்ட் கதையும் வெளியே வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரும் சிரித்திருக்கலாம். ஒருவரும் சிரிக்கவில்லை.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே அண்ணை" என்றான் கிருசாந்தன்.

"கேட்டிருக்கலாம்தான்" என்றார் அவர். கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில அமத்தினா அங்க நிக்குது. பிறகு ஏன் கேப்பான் எண்டு இருந்திட்டன்."

அந்தச் சொல்தான் தர்மிகாவின் மனதில் தைத்தது. செவன் கிங்ஸ் முன் அறையில் பெட்டியை நிற்பாட்ட நினைக்கிற ஆள் எழும்ப வேண்டும். பிள்ளைகளின் கால்களைத் தாண்டிப் போக வேண்டும். எல்லாருடைய முகத்தையும் பார்த்துக் காரணத்தைச் சொல்ல வேண்டும். ஞானம் மாமாவால் அது முடியவில்லை, அதனால் அவர் முழித்திருந்தார். அவள் செய்து கொடுத்த பொத்தானில் எழும்பவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். நல்ல எண்ணத்தோடு அமத்தினாலும் இந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு அது தெரியாது.

அன்றைக்கே அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கிருசாந்தனுக்கு மறுநாள் வேலை இருந்தால் சத்தத்தைக் குறைப்பது, ஓய்வு நாளில் அவனும் வந்து இருப்பது. ஞானேஸ்வரன் தன் போனைத் தர்மிகாவிடம் நீட்டி, தன்னை அந்த வீட்டுக்காரர் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். அவள் முயன்று பார்த்தாள். முடியவில்லை. பெட்டிக்கு ஒரு வீட்டுக்காரர் இருந்தே ஆக வேண்டும், அதுவும் ஒரே ஒருவர். அதையும் அவள்தான் அப்படி வைத்திருந்தாள்.

"அப்ப நாங்கள் நாலு பேரும் வீட்டுக்காரர் ஆகேலாதோ?" என்று றொசாந்தி கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை.

நிலையம் வரைக்கும் ஞானேஸ்வரன் கூட நடந்து வந்தார். வழியில் அப்பாவைப் பற்றிக் கேட்டார். கடைசி நாட்களில் வலி இருந்ததா என்று கேட்டார். படிகளில் இறங்க முன்னம் அம்மாவின் போன் இலக்கத்தை வாங்கிக்கொண்டார்.

தர்மிகா வீட்டுக்குப் போகாமல் நேரே குட்மேய்ஸுக்குப் போனாள். செவன் கிங்ஸ் வீட்டை விற்ற பிறகு அம்மா அங்கேதான் ஒரு சின்ன பிளாற்றில் இருந்தாள். வசந்தமலர் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஞானம் மாமா முன் அறையிலா படுத்தவர் என்று தர்மிகா கேட்டாள்.

"வேற எங்க படுக்கிறது?" என்றாள் அம்மா, கத்தியை நிறுத்தாமல்.

"எனக்குத் தெரியாது அம்மா."

"கண் கெட்டுப்போகும், எழும்புங்கோ எண்டு உங்களை ஏன் துரத்தினனான் எண்டு நினைச்சனீங்கள்? அந்த மனிசன் வாய் திறந்து கேக்காது. கொப்பர் எண்டா வீட்டில இருக்கிற ஒருத்தரையும் எழும்பச் சொல்லமாட்டார். பிறகு நான்தானே பொல்லாதவளாகோணும்."

அம்மா துடைக்கிற துணியோடு வந்து நின்று, படத்தின் நல்ல இடமாகப் பார்த்துப் பெட்டியை அணைத்தது தர்மிகாவுக்கு ஞாபகம் இருந்தது. அந்த வீட்டின் கதையை அலுவலகத்தில் சொல்லும்போது அவள் எப்போதும் விட்டுவிடுகிற பகுதி அது. சந்தோசத்தைக் குழப்புகிற பகுதி என்று நினைத்திருந்தாள். எழும்பிப் போய் அம்மாவின் தோளில் நாடியை வைத்தாள். வெங்காயக் கையோடு அம்மா விலகப் பார்த்தாள், பிறகு அப்படியே சாய விட்டாள்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஓவனுக்குச் சொன்னாள். அவன் வழக்கம்போல இடையில் கேள்வி கேட்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து செவன் கிங்ஸ் வீட்டை எடுத்துவிடவா என்று மட்டும் கேட்டான். வேண்டாம் என்றாள் தர்மிகா. அது இருக்கட்டும், ஞானம் மாமாவும் அம்மாவும் அதில் வரட்டும் என்றாள்.

அடுத்த மாதங்கள் லேசாக இருக்கவில்லை. பலர் சேர்ந்திருக்கிற வீட்டில் ஒருவர் பார்த்ததை இன்னொருவர் அறியக் கூடாது என்பதை எல்லாரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து பெட்டியை அணைக்கவோ சத்தத்தைக் குறைக்கவோ விரும்புகிறவர் யாரானாலும் தன் பெயரையும் காரணத்தையும் திரையில் போட வேண்டும், இருக்கிறவர்கள் பதில் சொல்ல இடம் வேண்டும் என்பதற்குத்தான் எதிர்ப்பு வந்தது. தொலைக்காட்சி ஒன்றும் அறிவித்தல் பலகை இல்லை என்றார்கள். தர்மிகா விடவில்லை. முன்பு காரணம் வேண்டாம் என்று வாதாடியது அவள்தானே என்று ஒருவர் எடுத்துக் காட்டியபோது, ஓம், நான்தான் என்றாள். கடைசியில் காரணம் போடுவதும் பதில் சொல்வதும் திரையில் நிலைத்தன. எல்லாரும் வீட்டுக்காரர் ஆகிற யோசனையை அடுத்த முறைக்குப் பார்ப்போம் என்று தள்ளி வைத்தார்கள்.

புதிய மென்பொருள் வீடுகளுக்குப் போன அதே கிழமையில் றொசாந்தி ஒரு படம் அனுப்பினாள். திரையின் ஒரு மூலையில் சின்னதாக, "கிருசாந்தன்: நாளைக்கு வேலை, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ" என்று இருந்தது. அதற்குக் கீழே மஞ்சள் பூ வட்டத்திலிருந்து, "குறைச்சாச்சு, படு" என்று பதில்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் ஞானேஸ்வரன் குட்மேய்ஸுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். அம்மா நண்டுக் கறி வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்து மூன்று பேரும் சாய்ந்திருந்தபோது பேச்சு முன் அறைக்குத் திரும்பியது. பெட்டி ஜன்னலுக்குக் கீழே இருந்தது என்றாள் அம்மா, வெளிச்சம் திரையில் அடிக்கிறது என்று தான் கொண்டை ஊசி குத்தித் திரைச்சீலையை மூடியதாகச் சத்தியம் செய்யாத குறை. இல்லை, கணப்படுப்புக்குப் பக்கத்தில் என்றார் ஞானேஸ்வரன். அங்கே அல்லவா தான் தலை வைத்துப் படுத்தவர், பெட்டியின் சூடு தலைக்குப் படுமே. தர்மிகாவுக்கோ அது கதவுக்கு நேரே இருந்தது. நடையில் வரும்போதே படம் தெரிந்தது அவளுக்கு நல்ல நினைவு.

அவள் ஒரு கடதாசியை எடுத்து அறையை வரைந்தாள். ஜன்னல், கதவு, கணப்படுப்பு, செற்றி. பென்சிலை வாங்கி ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் பெட்டியைப் போட்டார்கள். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பா இருந்திருந்தால் கேட்டிருக்கலாம் என்றாள் அம்மா. கொப்பர் நாலாவது இடம் சொல்லியிருப்பார் என்றார் ஞானேஸ்வரன். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பெர்னடெற்றைக் கேட்டுப் பார்ப்போம் என்று, கனடாவில் இப்போது என்ன நேரம் என்றும் பார்க்காமல், ஞானேஸ்வரன் போனை எடுத்தார்.